மெம்பரக்கா போட்ட குழாய்

வடக்குத்து ஊர்ப் பக்கம், சுரங்கத்துக் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவில் சாமியம்மாளின் வீடு. சுரங்க அதிகாரிகள் குடியிருக்கும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பெருக்கும் வேலை அவளுக்கு. அங்கே குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர் கொட்டும். மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் தெருவுக்கே ஒரு பழைய கிணறுதான். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீரும் அதில்தான் இறங்கும்.

அவள் மகள் இசைப்பிரியா பள்ளிக்கூடம் போன நாளைவிட வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்த நாளே அதிகம். ஒருமுறை கண் செருகி, கை கால் சில்லிட்டுப்போய், ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றித்தான் பிழைத்தாள். திரும்பி வந்ததும் பார்க்க வந்த கிராம நர்ஸ் எழில்மதி, உடன் வந்திருந்த வார்டு மெம்பர் தாஜுன்னிசாவிடம் மனம் வெறுத்துச் சொன்னாள்:

"மாத்திரை நான் குடுத்துகினே இருக்கேங்க. அதே தண்ணிய குடிச்சிட்டு அதே புள்ள திரும்ப வருது. இதுக்கு மருந்து என் பையில இல்ல, உங்க பஞ்சாயத்துலதான் இருக்கு."

தாஜுன்னிசா பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவள். அந்த வருஷம் தெருவுக்குச் சிமென்ட் சாலை போட வந்த நிதியைத் தண்ணீருக்குத் திருப்ப வேண்டும் என்று கூட்டத்தில் ஒற்றை ஆளாக நின்றாள். சாலைக் கான்ட்ராக்டர் ஆள் வைத்துப் பேசிப் பார்த்தார். தெருக்காரர்களே முணுமுணுத்தார்கள், அவர்களுக்கும் சாலைமேல்தான் ஆசை. ஒன்றிய அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து, மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக்கு வீடு குழாயும் வாங்கிய பிறகுதான் அவள் ஓய்ந்தாள்.

அடுத்த தேர்தலில், சாலை இல்லாத தெருவின் சேற்றைக் காட்டியே அவளைத் தோற்கடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. இசைப்பிரியா ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில், விடுப்பே எடுக்காத பிள்ளை என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டபோது சாமியம்மாள் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். இதற்குக் காரணமானவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற நினைப்பு அவளை உட்காரவிடவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள்.

தாஜுன்னிசா சிறுமியை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை.

"அன்னிக்கி கண்ணு சொருவிக் கெடந்தாளே, அவதாங்க்கா. ஒங்களாலதான் எம்புள்ள நிக்கிறா."

தாஜுன்னிசா கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்தாள். சிறுமியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்தத் தெருவே தன்னை வெறுக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சேறு இன்னும் அப்படியேதான் கெடக்குதா?"

"கெடக்குதுங்க்கா. ஆனா வூட்டுக்குள்ள நோவு இல்ல."

சாமியம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதில், அடுத்த திங்கட்கிழமை கடலூர்ப் பேருந்தில் தெருப் பெண்கள் ஒரு கும்பலாக ஏறினார்கள். கலெக்டரிடம் சாலைக்கு மனுக் கொடுக்கத்தான். நடுவில் தாஜுன்னிசாவை உட்கார வைத்தார்கள். இப்போது அவள் மெம்பர் இல்லை. ஆனாலும் வழி நெடுக ஆளுக்கு ஆள் 'மெம்பரக்கா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அவளும் மறுக்கவில்லை.