ஐந்து சதவீதத்துக்கு ஒரு மொய்

வெள்ளிக்கிழமை காலை கணினியைத் திறந்த ஹரிப்ரியாவுக்கு வாயில் வைத்த காபி உள்ளே இறங்கவில்லை.

முந்தைய மாலை ஐம்பத்திரண்டில் தூங்கப்போன விலை, எண்பத்தொன்றில் விழித்துக்கொண்டிருந்தது.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அங்கே ஒரு தேர்தல் சந்தை. அதை நடத்துவது திருச்சிக்காரி ஹரிப்ரியா. யார் வேண்டுமானாலும் சேரலாம். சேர்ந்ததும் ஆயிரம் புள்ளி கையில் கிடைக்கும். காசு கிடையாது, வெறும் புள்ளி. அதை வைத்துப் பங்கு வாங்கலாம், விற்கலாம். 'பாலம் கட்சி ஐந்து சதவீதம் தாண்டும்' என்று ஒரு பங்கு. தாண்டினால் பங்குக்கு நூறு புள்ளி. தாண்டாவிட்டால் பூஜ்யம். விலை ஐம்பத்திரண்டு என்றால், தாண்டுவதற்கு நூற்றில் ஐம்பத்திரண்டு வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. அவ்வளவுதான் வித்தை.

ஞாயிற்றுக்கிழமை மாநிலச் சட்டமன்றத் தேர்தல். இரண்டு பெரிய அணிகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. ஐந்து சதவீதத்துக்குக் கீழே போகிற கட்சிக்கு அவையில் இடமே இல்லை. பாலம் உள்ளே வந்தால் ஓர் அணிக்கு ஆட்சி. வராவிட்டால் மற்ற அணிக்கு. மொத்தத் தேர்தலும் அந்த ஒற்றைப் பங்கில் தொங்கியது.

"இயந்திரக் கணக்குகள்" என்றார் பேராசிரியர் ஹென்ஷெல். கண்ணாடியைக் கழற்றினார் என்றால் கோபம் என்று அர்த்தம். கழற்றியிருந்தார். "ஒரே மாதிரியான கொள்முதல் நூற்றுக்கு மேலே. யாரோ நிரல் எழுதி ஓடவிட்டிருக்கிறான். அத்தனையையும் நீக்கு. நாலு மணிக்குப் பத்திரிகைக்கு எண் போகவேண்டும்."

நாளைய பத்திரிகையில் சந்தையின் கணிப்பு முதல் பக்கத்தில் வருகிறது. போன நகரசபைத் தேர்தலில் சந்தை கவிழ்ந்தது. இந்த முறையும் கவிழ்ந்தால் மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லியாகிவிட்டது. மூடினால் ஹரிப்ரியாவின் ஆராய்ச்சியும் அதோடு குப்பைக்கூடைக்குத்தான்.

ஒவ்வொரு கொள்முதலும் எத்தனை புள்ளிக்கு என்று அவள் உருட்டிப் பார்த்தாள். நூற்றொன்று. நூற்றொன்று. ஐம்பத்தொன்று. நூற்றொன்று. ஐந்நூற்றொன்று!

வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன?"

"நிரல் எழுதுகிறவன் நூறு என்று எழுதுவான், மேடம். மேலே ஒரு ஒன்றை எதற்கு ஒட்டுகிறான்? இது இயந்திரம் இல்லை. இது கல்யாண வீடு."

பேராசிரியர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவளைப் பார்ப்பதற்குள் அவள் பஸ்ஸில் இருந்தாள்.

வெந்நீர் ஊற்றுப் பக்கம், முட்டை அழுகிய வாசனை வருகிற தெருவில் அன்ரனின் மளிகைக் கடை. மன்னாரில் பிறந்து, அகதியாக வந்து, இன்றைக்கு ஊரிலுள்ள தமிழருக்கெல்லாம் கறிவேப்பிலையும் செய்தியும் விற்பவர். ஹரிப்ரியா வாரம் தவறாத வாடிக்கை.

"வாங்கோ பிள்ளை! முருங்கைக்காய் வந்திருக்கு."

"முருங்கைக்காய் இருக்கட்டும் அண்ணா. எங்க மார்க்கெட்ல மொய் எழுத வச்சது நீங்கதானே?"

அன்ரன் மார்பை நிமிர்த்தினார். "ஓம். நான்தான். போன ஞாயிறு பூசை முடிய மண்டபத்திலை தேத்தண்ணியும் றோல்ஸும் குடுத்து, எல்லாற்றை போனிலயும் கணக்குத் திறந்து குடுத்தனான். நேற்று இரவு எல்லாரும் ஒண்டாப் போட்டவை. எங்கடை நிலக்சி பாலம் கட்சியிலை நிக்கிறா. தெரியும்தானே? இஞ்சை பிறந்து, வக்கீலாகி, சட்டசபைக்குக் கேக்கிற முதல் தமிழ்ப் பிள்ளை. கை குடுக்காமல் விட ஏலுமோ?"

"அது சரி, நூத்தியொண்ணு எதுக்கு?"

"முட்டையோடை, பூச்சியத்திலை முடியிற மாதிரிக் குடுக்கிறதோ? என்வலப்புக்குள்ளை வைக்கிற மாதிரித்தான். ஒண்டு கூட வைக்கவேணும்."

"அண்ணா, இது என்வலப் இல்ல. இங்க ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கக்கூடாது. ஜெயிக்கும்னு நினைச்சா வாங்கணும். தோத்துடும்னு நினைச்சா விக்கணும்."

"விக்கிறதோ?" அன்ரன் குரலை உயர்த்தியதில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கடை பிள்ளையை நாங்களே விக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே? கலியாண வீட்டுக்குப் போய் 'இது சரிவராது' எண்டு எழுதிவச்சிட்டு வாறதோ?"

"பாஸ் பண்ணுவாங்கன்னு நிஜமா நம்புறீங்களா?"

அன்ரன் முருங்கைக்காயை எடுத்து நிறுத்தார். "ரெண்டு கிலோ போதுமே?"

போதும், வந்த விஷயமும் புரிந்துவிட்டது.

திரும்பி வந்தவள் பேராசிரியரின் மேஜை முன்னால் உட்காரக்கூட இல்லை. "நீக்கக் கூடாது, மேடம். அத்தனையும் நிஜ மனிதர்கள். பாசத்தில் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்."

"பாசம் கணிப்பாகாது."

"ஆகாது. ஆனால் பாசத்தில் ஒருவர் விலையை ஏற்றினால், விவரம் தெரிந்தவனுக்கு அது விருந்து. அவன் வந்து விற்பான், விலை தானாக இறங்கும். நாம் கை வைத்தால்தான் சந்தை கெடும். முகப்பில் ஒரே ஓர் அறிவிப்புப் போடுகிறேன்: ஒரு வேட்பாளரின் ஆதரவாளர்கள் திரண்டு வாங்கியிருக்கிறார்கள் என்று. மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும்."

"இவ்வளவு நம்பிக்கையா?"

"அது இல்லாவிட்டால் மூன்று வருஷமாக இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்?"

அறிவிப்பு ஏறியது.

எண்பத்தொன்று எழுபதானது. அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு.

சடக்கென்று அறுபத்தாறு! நூற்றொன்று, நூற்றொன்று, நூற்றொன்று. அன்ரன் தொலைபேசியில் ஊரைக் கூட்டிவிட்டார் என்று ஹரிப்ரியாவுக்குப் புரிந்தது. மிச்சமிருந்த புள்ளிகளையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஓர் ஆள் விற்க ஆரம்பித்தான். பெயரில்லாத ஒரு பழைய கணக்கு. பல தேர்தல்களில் சரியாகக் கணித்து மலைபோலப் புள்ளி சேர்த்த கணக்கு. பதற்றமே இல்லாமல், வெங்காயம் நறுக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. ஐம்பது. நாற்பத்திரண்டு. முப்பத்துநாலு.

அங்கே நின்றது.

பேராசிரியர் நிமிர்ந்தார். "எல்லாக் கருத்துக்கணிப்பும் பாலத்துக்கு ஐந்தரை என்கிறது. நாம் மட்டும் தாண்டாது என்று அச்சடிக்கப் போகிறோமா? யார் இந்த ஆள்?"

"நான்தான்" என்றது வாசலில் ஒரு குரல்.

நனைந்த மழைக்கோட்டோடு ஒரு பெண். தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஒட்டியிருந்த அதே முகம். நிலக்சி.

"மாணவியாக இருந்த காலத்திலிருந்து இந்தச் சந்தையில் இருக்கிறேன்" என்றாள். "நீங்கள் கடைக்குப் போனதை அன்ரன் அண்ணை சொன்னார். நான் வக்கீல். ஒளிந்து விற்றேன் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது. அதனால் நேரில் சொல்ல வந்தேன். பெயரை அச்சடிக்காதீர்கள். ஆனால் என் விற்பனையைத் தள்ளவும் வேண்டாம்."

"உங்கள் கட்சிக்கு எதிராக நீங்களேவா?"

"கருத்துக்கணிப்புக்காரர் யாரைப் பிடிக்கும் என்று கேட்கிறார். நான் கதவு கதவாகத் தட்டினேன். எல்லோருக்கும் என்னைப் பிடிக்கிறது. பாதிப் பேர், 'நீங்கள்தான் எப்படியும் வந்துவிடுவீர்களே' என்று வாக்கை வேறு கட்சிக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களில் பலர் குடியுரிமையே எடுக்கவில்லை. நூற்றொன்று போடலாம், வாக்குப் போட முடியாது."

பேராசிரியர் ஹரிப்ரியாவை ஓரமாக இழுத்தார். "பொறி! விலையைப் பொய்யாக இறக்குகிறாள். முப்பத்துநாலு என்று பத்திரிகையில் வந்தால் ஆதரவாளர்கள் பயந்து ஓடிவந்து வாக்களிப்பார்கள். நல்ல தந்திரம். இவள் விற்றதை எடுத்துவிடு."

ஹரிப்ரியா நிலக்சியைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வக்கீல் முகம்.

முகத்தை விட்டுவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"பொய்யாக இறக்கியிருந்தால் சரக்கு மலிவு, மேடம். எழுபது பெறுமானமுள்ள பங்கு முப்பத்துநாலுக்குக் கிடந்தால், விவரமுள்ள எவனாவது அள்ளியிருப்பான். ஒரு மணி நேரமாகக் கிடக்கிறது. அன்ரன் கூட்டத்தைத் தவிர ஒருத்தர்கூட வாங்கவில்லை. இவர் மனசில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். விலை நிற்கிறது."

"தவறினால் கடையை மூடுகிறோம்."

"தெரியும். பத்திரிகையில் கணிப்புக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்."

நாலு மணிக்கு எண் போயிற்று. முப்பத்துநாலு. பாலம் உள்ளே வராது.

சனிக்கிழமை பத்திரிகையைப் பார்த்த ஊர் அவளைச் சும்மா விடவில்லை. ஞாயிறு மாலை நிலக்சியின் ஆட்கள் கூடியிருந்த கோயில் மண்டபத்துக்கு அவள் தைரியமாகவே போனாள்.

"வாங்கோ, சாத்திரியார் அம்மா!" என்றார் அன்ரன். "கிளிச் சீட்டும் கொண்டுவந்தனீங்களோ?"

"கிளி லீவு அண்ணா. நான் மட்டும் வந்திருக்கேன்."

வாக்குப்பதிவு முடிந்த மறுகணம் தொலைக்காட்சி முதல் கணிப்பைச் சொன்னது: பாலம் ஐந்து புள்ளி ஒன்று.

மண்டபம் அதிர்ந்தது. யாரோ அன்ரனைத் தூக்கினார்கள். பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது: 'மூடுவோமா?' ஹரிப்ரியா பதில் தட்டினாள்: 'எண்ணி முடியட்டும்.' றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதை முழுசாகச் சாப்பிட்டு முடித்தாள்.

ஐந்து புள்ளி பூஜ்யம். பிறகு நாலு புள்ளி ஒன்பது. தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. கடைசித் தொகுதி வந்தபோது நாலு புள்ளி எட்டு. மற்ற அணிக்கு இரண்டு இடம் கூடுதல். ஆட்சி அவர்களுக்கு.

பேராசிரியரின் அடுத்த செய்தி ஒரு வரிதான்: 'நிர்வாகம் அழைத்தது, சந்தை தொடர்கிறது.' ஹரிப்ரியா நீண்ட மூச்சு விட்டாள்.

நிலக்சி மேடையேறி நன்றி சொன்னாள். அழவில்லை. இறங்கி நேராக ஹரிப்ரியாவிடம் வந்தாள். தான் விற்றதை ஊருக்கு நிலக்சியே சொல்லியிருக்க வேண்டும். அன்ரன் அவளை முறைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"எங்களையே வித்துப்போட்டாய் என்ன பிள்ளை?"

"உங்களிட்டை வாயாலை சொல்லியிருந்தால் கேட்டிருப்பியளோ அண்ணை? 'அபசகுனமாக் கதையாதை' எண்டிருப்பியள். அதுதான் கேக்கிற இடத்திலை சொன்னனான்." நிலக்சி ஹரிப்ரியாவின் பக்கம் திரும்பினாள். "ஒரு புதுப் பங்கு திறவுங்கோ. அடுத்த தேர்தலுக்குள்ளை இந்த மண்டபத்திலை நூறு பேர் குடியுரிமைக்கு அன்ட்ராக், விண்ணப்பம், குடுப்பினமோ, இல்லையோ?"

"திறந்துடலாம். ஓப்பனிங் விலை?"

"இருபது."

"இருபதோ!" அன்ரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை சனத்துக்கு இருபதோ? நான் வாங்கிறன். இப்பவே வாங்கிறன்!"

"புள்ளி எல்லாம் போச்சுதே அண்ணை, என்னத்தாலை வாங்கப் போறியள்?"

அன்ரன் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் இஞ்சை வாங்கோ! நாளைக்கு ஆர் ஆர் என்னோடை நகரசபைக்கு அன்ட்ராக் குடுக்க வாறியள்?"