துடைத்த அட்டைகள்

பெங்களூரிலிருந்து மமதா வருவதற்கு முதல் நாள், தம்பியின் அறையைச் சுத்தம் செய்ய லூயிசா ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். சைலஸ் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவன். அவன் செய்த ஏதோ ஒன்றின் புகைப்படம் பெங்களூர்க் கண்காட்சி ஒன்றில் இடம்பெற்றதாம். இன்றைய கலைஞர்களின் படைப்புகளையும் கடிதங்களையும் சேர்த்துக் காக்கும் ஆவணக்காப்பகம் ஒன்று, அவன் விட்டுப்போனதையெல்லாம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. அங்கே போனால் அவன் பேர் நிற்கும். இல்லாவிட்டால், வாடகை அறையைக் காலி செய்யும் நாளில் எல்லாம் குப்பைக்குத்தான்.

"எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க ஆன்ட்டி" என்று அந்தக் காப்பகத்தில் வேலை பார்க்கும் மமதா போனில் சொல்லியிருந்தாள். லூயிசா ஒரு பென்சில் துண்டைக்கூடப் போடவில்லை.

ஆனால் தூசியை எப்படி விடுவது? ஆடிக் காற்று எழுந்தால், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைத் தூள் சோற்றுப்பானை வரைக்கும் வரும். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா நெஞ்செல்லாம் தூசி அடைத்துத்தான் செத்தார். அதன்பின் அம்மா நாளுக்கு மூன்று முறை வீட்டைத் துடைத்தாள். லூயிசாவுக்கும் அதே கை.

ஜன்னலோரம் இருந்த மரப்பெட்டியில் தட்டையான இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பு அட்டை, மேலே வெள்ளைத் தூள். தூளின் நடுவே கருப்பாக ஒரு திட்டு; ஏதோ சாமான் வைத்த தடம் என்று நினைத்தாள். ஈரத்துணியால் இருபத்திரண்டு அட்டைகளையும் துடைத்து வைத்தாள்.

பக்கத்து வீட்டு சரோஜம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா லூயிசாக்கா, கவர்னரா வராரு?"

"அதுக்கும் மேல. என் தம்பிய பெரிய எடத்துக்குக் கூட்டினு போக வராங்க."

மறுநாள் மமதா முதலில் அந்த மரப்பெட்டியின் இழுப்பறை ஒன்றைத்தான் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்துவிட்டு, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கருப்பு அட்டை முழுக்க வெள்ளைத் தூள். நடுவில் கருப்பாக, தூக்குப் பாத்திரத்தின் உருவம், கைப்பிடியோடு.

"மைன் மூடின வருஷத்துலேந்து, ஒவ்வொரு ஆடிக்கும் உங்க தம்பி ஒரு அட்டைய மொட்டை மாடியில வெச்சு, மேல உங்க அப்பாவோட சாமான் ஒண்ண வெப்பாராம். தூசி விழாத எடம்தான் படம். கண்காட்சிக்கு அனுப்பின லெட்டர்ல எழுதியிருந்தார். போட்டோ எடுத்தது இந்த ஒண்ணு மட்டும்தான்." இழுப்பறையை மூடினாள். "தொடச்ச துணி இருக்கா ஆன்ட்டி? அதுல ஒட்டின தூசியாவது கெடைக்கும்."

"சோப்பு போட்டு அலசிட்டேன்மா."

துணி வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் விவரமா சொல்லியிருக்கணும்" என்றாள் மமதா.

லூயிசா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "இத எடுத்துனு போவியா, மாட்டியா?"

"எடுத்துட்டுப் போறேன் ஆன்ட்டி." மமதா படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"இன்னா எழுதற?"

"சேதமாயிடுச்சுன்னு."

"எப்படின்னு எழுதல?"

மமதா அடுத்த தாளை எடுத்தாள்.

"எழுதும்மா. அக்கா லூயிசா தொடச்சிட்டான்னு எழுது. நாளைக்குப் பாக்கறவங்க, வெறும் அட்டைய அடுக்கி வெச்சிருந்தான் பைத்தியக்காரன்னு நெனைக்கக் கூடாது."

"ஒவ்வொரு அட்டைக்கும் தனி நம்பர். எல்லாத்துலயும் எழுதணும்."

"எழுது."

மமதா எழுதினாள். ஒவ்வொரு தாளிலும் தன் பெயர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, இருபத்திரண்டாவது முடியும்வரை லூயிசா எழுந்திருக்கவில்லை.