வெர்லின் டகில் பாதியில் நிறுத்திய பாட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமெரிக்காவின் பாட்டு ஊரான நாஷ்வில்லில், கேல்வரி அரங்கின் கழிப்பறை வரிசையில். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நூற்றாண்டு கண்ட அரங்கின் மர பெஞ்சுகளில் நிலவொளி...’ வேண்டாம். கூரை போட்ட அரங்குக்குள் நிலா எப்படி வரும்?

2

வெர்லின் டகில் மிசிசிப்பிக்காரி. முப்பது வருஷமாகச் சாராயக் கடைகளில் கன்ட்ரியும் ப்ளூஸும் பாடியவள். அங்கே பாட்டு பிடித்தால் கத்துவார்கள், மேசையைத் தட்டுவார்கள், பாடுகிறவளோடு பதிலுக்குப் பதில் பேசுவார்கள். பிடிக்காவிட்டால்தான் வாயை மூடிக்கொள்வார்கள்.

கேல்வரியோ தேவாலயமாக இருந்து அரங்கானது. பாட்டு முடியும்வரை அங்கே யாரும் இருமக்கூட மாட்டார்கள், அதுதான் மரியாதை. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. (நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை ஏது?) இந்த மேடையில் ஒருமுறை பாடிவிட வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை.

3

முதல் பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை. நிறைந்த அரங்கில் ஒரு சத்தமில்லை. வெர்லின் பாட்டை நிறுத்தினாள். டிரம்ஸ் வாசித்த கணவன் கிளியோட்டிஸ் பக்கம் திரும்பினாள்.

“யோவ், ஒரு பய வாயத் தொறக்கலயே. ஊத்திக்கிச்சுய்யா.”

“மொதல்ல பாடி முடிடி!”

முடிக்கவில்லை. கிதாரைக் கழற்றினாள். “ஆசப்பட்டு வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. பிடிக்கலன்னா பரவால்ல, நான் கெளம்புறேன்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வெர்லின் அழுகிற ஆளில்லை.)

முன் பெஞ்சில் பெரிய தொப்பிக்காரர் ஒருவர் பதறி எழுந்தார். “எங்கம்மா போற? மூச்சுகூட விடாம கேட்டுக்கிட்டிருக்கோம்!”

“விடுங்கய்யா மூச்ச! எங்க ஊர்ல மூச்சு விடாதவங்களுக்குப் பாடுற பாட்டே வேற!”

அரங்கமே வெடித்துச் சிரித்தது. கிளியோட்டிஸ் சிரித்த சிரிப்பில் குச்சி கைநழுவி விழுந்தது.

4

இனி முடிவு. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டலாம், ரொம்ப சினிமா. அவளை ஊருக்கே திருப்பி அனுப்பலாம்... மனசு வரவில்லை, எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வெர்லின் கிதாரை மறுபடி மாட்டினாள். “எங்க கடையில மொத வரிய ரெண்டு வாட்டி நான் பாடுவேன். மூணாவது வரி உங்களது. வாய்க்கு வந்தத எடுத்து விடுங்க.”

“கதவத் தட்டித் தட்டி நின்னேன், உள்ள ஒரு சத்தமில்ல...”

பெஞ்சுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“கதவத் தட்டித் தட்டி நின்னேன், உள்ள ஒரு சத்தமில்ல...”

டிரம்ஸ் நின்றுவிட்டது. மைக்கை அவள் உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது வரியை மனசுக்குள் சொல்லிக்கொள்ளாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அவள் என்ன நினைப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.