மேஸ்திரி என்று சேமித்த எண்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. பெயின்ட் அடிக்க வந்தவர் ஏணியில் ஏறினாலே அவருடைய போன் அடிக்கும். திரையில் ‘மேஸ்திரி’ என்று தெரியும். எடுக்கமாட்டார், கவிழ்த்து வைத்துவிடுவார்.

“எடுங்களேன், வேலை விஷயமா இருக்கப்போகுது” என்றேன்.

“அந்த ஆளுக்கு வேற வேலை இல்லைங்க” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே அடித்த இடத்தையே மறுபடி அடித்தார். மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2
விடுமுறை நாளின் இளவெயில் சமையலறைச் சன்னல் வழியாக—

(வேண்டாம். தவணை தவறிய வீட்டில் வெயிலை யார் பார்த்தார்கள்?)

இப்படித் தொடங்குகிறேன்: மழைக்காலத்தில் வேலை இல்லாமல் போனபோது பெயின்டர்* போன் வழியாகவே ஒரு கடன் வாங்கினான். அதை அடைக்க இன்னொன்று. அதன் வட்டிக்கு மூன்றாவது. கூலி ஏன் குறைகிறது என்று மனைவி கேட்டபோது, “புது மேஸ்திரி பாக்கி வைக்கிறான்” என்றான். வசூல்காரனின் எண்ணையும் ‘மேஸ்திரி’ என்றே சேமித்தான். ஒரே பொய்யை இரண்டு இடத்தில் பயன்படுத்திச் சிக்கனம் செய்தான்.

* நிஜத்தில் அவர், கதையில் அவன். கடனில் விழுந்தவனுக்கு முதலில் போவது மரியாதைதான்.

3
மனைவியைச் சந்தேகப் பிராணியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மாதம் பிறந்தால் இருக்கிற பணத்தைக் கட்டிலில் பரப்பி, வாடகை, அரிசி, காஸ், பள்ளிக் கட்டணம் என்று கூறு கட்டுபவள் அவள். போர்வையின் ஓர் ஓரத்தை மட்டும் வெறுமனே விட்டுவைப்பாள். அது மகளின் கண்ணாடிக்கு. மேஸ்திரி பாக்கி வந்ததும் அங்கே வைக்க வேண்டும். மகளோ புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறாள்.

அந்த வெற்று இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

4
அவன் குளித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. திரையில் ‘மேஸ்திரி’. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி சோப்பு நுரைக் கையோடு, சுண்டுவிரலால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அவர் இருக்காருங்களா? பணம் விஷயமா பேசணும்.”

“பேசத்தான் நாங்களும் காத்துக்கிட்டிருக்கோம். எத்தனை மாசம் இழுத்தடிப்பீங்க? நேர்லயே வாங்க, இன்னைக்கே முடிச்சிடலாம்.”

மறுமுனை ஒரு கணம் திகைத்தது. இப்படி வருந்தி அழைக்கிற வீட்டை அது கண்டதில்லை.

“வீடு எங்கங்க?”

சொன்னாள். நீலக் கதவு, இரண்டாவது மாடி என்று அடையாளமும் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், பாவம்.

“பக்கத்துலதான் இருக்கேன். இதோ வர்றேன், மேடம்.”

(அந்த ‘மேடம்’தான் ஆபத்து. திட்டுகிறவனை எப்படியாவது சமாளித்துவிடலாம்.)

5
“என்னங்க, உங்க மேஸ்திரியை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். பணத்தோட வர்றாரு.”

தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. “எங்க வர்றான்?”

“இங்கதான்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தூசி தட்டினாள். “ரெடியா இருடி, கண்ணாடிக் கடைக்குப் போறோம்.”

“அப்பா, எனக்குப் பச்சை ஃபிரேம்!”

கீழே ஒரு பைக் வந்து நின்றது.

6
முடிவுகள் மூன்று எழுதினேன். வந்தது நிஜமான மேஸ்திரியே என்று ஒன்று. கூசிப்போய் அடித்துவிட்டேன். மூவரும் பின்வழியாக ஓடுவதாக ஒன்று. இரண்டாவது மாடிக்கு ஏது பின்வழி? குழந்தையைப் பார்த்து வசூல்காரன் மனமிரங்கித் திரும்புவதாக—

(உங்களுக்கே சிரிப்பு வரும்.)

நான் எழுதாதவரை அவன் படிக்கட்டிலேயே நிற்பான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டிவிட்டது. எனக்கும் பயமாக இருக்கிறது.

அவள் கதவைத் திறக்குமுன் பெயின்டர் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். இவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது: “இந்தா பாரு, வர்றது மேஸ்திரி—”

அதற்குமேல் அவனுக்கு நாக்கு எழவில்லை. எனக்குப் பேனா எழவில்லை. உங்கள் போனில் வேறு பெயரில் ஓர் எண் இருந்தால், இப்போதே எழுந்துபோய் உங்கள் வீட்டு ஆளிடம் சொல்லுங்கள். எந்த வார்த்தையில் தொடங்கினீர்களோ, அதையே அவனுக்கும் கொடுத்துவிடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டாள்.