நாலில் காதைப் பொத்தியவர்கள்

“அப்பா, நீங்க கடைசியா எப்பக் குதிச்சீக?”

2003ஆம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே ஏழு வயது ஸ்ரீமதி இதைக் கேட்டாள். அவள் அப்பா சங்கரலிங்கம் நேர்மையான மனிதர். பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது என்று நன்றாக யோசித்துப் பார்த்தார். கல்யாணத்தன்று குதித்திருப்போமா? இல்லை. பெண் பிறந்த அன்று? அன்றும் மெதுவாக நடந்துதான் போனார்.

“எங்க மாமா கம்பெனியில சேர்றதுக்கு முந்தி” என்றார் கடைசியில்.

சிவகாசியில் அவருடைய மாமாவுக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் நாள் பாடமே ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, காலைத் தரையில் தேய்க்கக் கூடாது என்பதுதான். வெடிமருந்து சிந்தியிருக்கும் அறையில் செருப்பில்லாமல் பாதத்தை முழுதாகத் தூக்கி, முழுதாக வைத்து நடக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படி நடந்த கால், பிறகு காலண்டர் ஆர்டர் பிடிக்கும் வேலைக்கு மாறியும் பழக்கத்தை விடவில்லை. சொந்த வீட்டுக் கூடத்தையே அவர் கொக்கு மாதிரிதான் கடப்பார்.

ஆடிப் பதினெட்டு அன்று, அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியாகும். அதைத் தூக்கிக்கொண்டு அந்த வருடம் பெங்களூருக்குப் போனவர், ஆர்டர் கேட்டு ஒரு நடனப் பள்ளியின் படியேறினார். பள்ளியை நடத்தியவள் ஷெரில் என்ற இருபத்தைந்து வயதுப் பெண். பெங்களூர்த் தமிழ் பேசினாள். அவர் புரட்டிக் காட்டிய முருகனும் லட்சுமியும் கொழுகொழுக் குழந்தையும் அவளுக்குச் சரிப்படவில்லை. அதற்குள் வகுப்பு நேரம் வந்துவிட்டது.

“கொஞ்சம் உக்காருங்கண்ணா” என்றாள். பிறகு மாணவர்களை எண்ணிப் பார்த்தாள். ஜோடிக்கு ஓர் ஆள் குறைந்தது. “இல்ல, எழுந்திருங்க” என்றாள்.

மகள் கேட்ட கேள்வி மனதில் இல்லாதிருந்தால் சங்கரலிங்கம் எழுந்திருக்கமாட்டார். கடவுள்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, பையை ஓரமாக வைத்துவிட்டுப் போய் நின்றார்.

ஆட்டத்தின் பெயர் சால்சா. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைக்க வேண்டும், நாலில் நிற்க வேண்டும். பிறகு ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நிற்க வேண்டும். எண்ணுவது அவருக்கு உடனே வந்துவிட்டது. கால்தான் வரவில்லை.

“பாதத்தைத் தரையில உரசுங்கண்ணா.”

“உரசினாப் பத்திக்கிரும்மா.”

“எது பத்திக்கும்?”

அவர் கீழே பார்த்தார். பளபளவென்று மரத்தரை. பத்திக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்தாலும் கால் கேட்கவில்லை.

“உங்களோட ஆடுறது லிஃப்டுல போற மாதிரி இருக்கு” என்றாள் ஷெரில். “ஏறுது, எறங்குது. வேற எங்கயும் போக மாட்டேங்குது.”

ஆனால் அவள் அவரை விட்டுவிடவில்லை. மற்றவர்கள் கால்விரலைக் காப்பாற்றிக்கொள்ள அவரிடமிருந்து தள்ளி நின்றபோது, ஒவ்வொரு வகுப்பிலும் அவளே வந்து கை கொடுத்தாள். மிதிபட்ட காலோடு சிரித்துக்கொண்டே அடுத்த எண்ணைச் சொன்னாள். பெரிய காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு மனிதன் மறுபடி வருவதற்கு அது போதும். இரண்டு நாள் பயணம் ஐந்து நாளானது. ஒவ்வொரு சீசனிலும் அவர் வந்தார். மூன்றாவது வருடம் ஒரு மாலை அவருடைய பாதம் சர்ரென்று தரையை உரசித் திரும்பியது. சங்கரலிங்கம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குனிந்து, புகை வருகிறதா என்று பார்த்தார்.

சிவகாசியில் ஆடிப் பழக ஜோடி இல்லை. இரும்பு பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடினார். ஒரு நாள் கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டதில் பீரோ திறந்து, பட்டுப்புடவை, பாலிஸ்டர் புடவை எல்லாம் அவர் தலைமேல் விழுந்தன. அவர் மனைவி சொர்ணலட்சுமி வாசலில் நின்று பார்த்தாள்.

“பீரோ ஒண்ணும் சொல்லலையாக்கும்?” என்றாள். “என்னைக் கூப்பிட்டிருந்தா புடவையாவது மிஞ்சியிருக்கும்.”

அன்றிலிருந்து அவளே ஜோடியானாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். அவளுக்கு உரச வரவைக்க ஆறு மாதம் ஆயிற்று. அதில்தான் சங்கரலிங்கத்துக்குத் தான் வாத்தியார் ஆகலாம் என்ற எண்ணம் வந்தது.

2006இல் தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நேரத்தில், ‘கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். இடம்தான் கிடைக்கவில்லை. ஆணும் பெண்ணும் கை பிடிப்பார்கள் என்று கேட்டதுமே நான்கு மண்டபக்காரர்கள் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் அய்யாதுரை, பட்டாசுக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் போர்மேனாக இருந்து, பிறகு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கூடத்தைத் தருவதாகச் சொன்னார். அது அவருடைய ஈகைக் குணம். முகத்தை மட்டும் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார்.

ஆறு ஜோடிகள் வந்தார்கள். முதல் வகுப்பில் நாற்பது நிமிடம், கணவனை மனைவியின் கையைப் பிடிக்க வைப்பதிலேயே போய்விட்டது.

“பதினஞ்சு வருசத்துல இவுக என் கையைப் பிடிச்சது வளையல் அளவு பாக்கத்தான்” என்றாள் பொன்னுத்தங்கம்.

“அதுவும் கடைக்காரர் சொல்லித்தான்” என்றார் அவள் கணவர் வெள்ளைத்துரை. ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர், மறைத்துப் பேசத் தெரியாதவர்.

கை பிடித்த பிறகு, எப்போதோ பட்டாசுக் கம்பெனியில் கால் பழகியிருந்த ஆறு ஜோடியும் கொக்குக் கூட்டமாகக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். நாலில் நிற்கவும் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டு ஞாயிறு வீணாயிற்று. மூன்றாவது ஞாயிறு சங்கரலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது.

“நல்லாக் கேளுங்க. ஒண்ணுல இடது காலை முன்னால வச்சு, ஊதுபத்தியால திரியைப் பத்தவைக்கீக. ரெண்டுல பத்திருச்சான்னு பாக்கீக. மூணுல காலை இழுத்துக்கிட்டு வந்துருதீக. நாலுல நிக்கீக.”

“வெடிக்கலைன்னா?” என்று கேட்டார் காகித வியாபாரி சம்சு.

“அஞ்சுல இன்னும் ஒரு அடி பின்னால போறீக பாய். வெடிக்காத வெடிக்குக் கிட்ட போவாகளா?”

அரை மணி நேரத்தில் ஆட்டம் வந்துவிட்டது. சம்சுவின் மனைவி அமீனா, தலையில் முக்காடு நழுவாமல் சுற்றிக் காட்டி எல்லோரையும் அசத்தினாள். ஒரே ஒரு குறை. நாலு என்றதும் பன்னிரண்டு பேருடைய கைகளும் தானாகக் காதைப் பொத்தின. சங்கரலிங்கம் கெஞ்சினார், மிரட்டினார், கைகளைக் கட்டிப் போடலாமா என்றும் யோசித்தார். கடைசியில் அதையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார். போனில் விவரம் கேட்ட ஷெரில், “இது எந்த ஸ்டைல் அண்ணா?” என்றாள்.

“எங்க ஊரு ஸ்டைல்” என்றார் பெருமையாக.

தை மாதக் கடைசியில் மண்டபத்துக்கு வெள்ளி விழா. மேல்மாடிப் பெரிய கூடத்தில் மேடைக் கச்சேரிக்குப் பிறகு ஆடலாம் என்று அய்யாதுரை அனுமதி கொடுத்தார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

“சாத்தூர், விருதுநகர்ல இருந்தெல்லாம் பெரிய ஆளுக வாராக. ஒருத்தர் சிரிச்சாலும் சரி, மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டிருவேன். அப்புறம் வந்து நிக்கப்பிடாது. என்னைப் பாத்து நாலு பேர் சிரிச்சா எனக்குச் சோறு எறங்காது, ஆமா.”

இதைக் கேட்டதும் பொன்னுத்தங்கம் சங்கரலிங்கத்தைத் தனியே கூப்பிட்டாள். “அண்ணாச்சி, எல்லா வீட்டுக்கும் சேத்துச் சொல்லுதேன்னு வச்சுக்கோங்க. வாரத்துல அந்த ரெண்டு மணி நேரந்தான் இவுக எம் மொகம் பாத்துப் பேசுதாக. பாத்து நடத்துங்க.”

சங்கரலிங்கம் அன்று இரண்டு வேளை விரதம் இருந்தார்.

விழா நாளில் அறுநூறு பேர். முதல் வரிசை நடுவில், பட்டு வேட்டியும் மாலையுமாக அய்யாதுரை. பாட்டு தொடங்கியது. ஏழு ஜோடிகள் முன்னால் வந்து குனிந்தார்கள், பார்த்தார்கள், பின்வாங்கினார்கள், காதைப் பொத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அங்கே யாருக்கும் மனம் இடம் கொடுக்கவில்லை. ஏழு ஜோடி திரி பற்றவைத்துவிட்டுப் பின்வாங்கினால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. இரண்டாவது சுற்றில் முதல் வரிசை காதைப் பொத்தியது. மூன்றாவது சுற்றில் அறுநூறு பேரும் காதைப் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

நாலாவது சுற்றில், சரியாக நாலில், ஸ்பீக்கர் ‘டொம்’ என்றது.

முப்பது வருடப் போர்மேன் அல்லவா, அய்யாதுரை நாற்காலியோடு பின்னால் பாய்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கியது. மாலை முகத்தில், வேட்டி முழங்காலுக்கு மேலே, இரண்டு பாதமும் வானத்தைப் பார்த்து. கூட்டம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கப் போகிறது.

மேடையிலிருந்து சங்கரலிங்கம் அதைப் பார்த்தார். சொர்ணலட்சுமியின் கையை விட்டார். மூன்று வருடம் பாடுபட்டு உரசக் கற்ற காலை நீளமாக ஒரு முறை உரசி, தடாலென்று விழுந்தார். அது போதாதோ என்று இரண்டு சுற்று உருண்டார். மேடையோரம் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்து, குலையோடு அவர்மேல் படுத்தது.

அறுநூறு பேரும் கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்துச் சிரித்தார்கள். சாத்தூர்க்காரர்கள் கண்ணீர் விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் முதல் வரிசையில் அய்யாதுரை வேறொரு நாற்காலியில் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்தபோது மாலை இடுக்கு வழியாக அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். மேடையில் சங்கரலிங்கம் தன்னைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார்.

“வேணும்னுதான விழுந்தீக?” என்று வீட்டில் கேட்டாள் சொர்ணலட்சுமி.

“வழுக்கிருச்சு.”

“வழுக்குத கால் எனக்குத் தெரியாதாக்கும்” என்றவள், முழங்கையில் மஞ்சள் பத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் மண்டப அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அய்யாதுரை சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“சிரிச்சாகளா இல்லையா?”

“சிரிச்சாக அண்ணாச்சி.”

“அப்பச் சாப்பாட்டுக் கூடம் கிடையாது. சொன்ன சொல் சொன்னதுதான்.”

சங்கரலிங்கம் கும்பிட்டுவிட்டு வந்தார். உங்களால்தான் விழுந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். ஏழெட்டுப் பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டப வாசலுக்கு வந்து, உள்ளே கிடக்கும் டேப் ரிக்கார்டரையும் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கிக்கொண்டு பிரிந்துவிடலாம் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். வெள்ளைத்துரை அந்த வாரம் முழுக்க மெஷினில் இரண்டு கலரைத் தப்பாக ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு அய்யாதுரை தனியாக மண்டபத்துக்கு வந்தார். வாட்ச்மேனை, “போய் டீ குடிச்சுட்டு மெதுவா வா” என்று அனுப்பினார். மேல்மாடிக்கு ஏறிப் பெரிய கூடத்தைத் திறந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் எந்த நிபந்தனையும் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தின் அட்சதை தரையெல்லாம் கிடந்தது. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினார். நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தூக்கி வைத்தார். இழுத்தால் சத்தம் கேட்கும். ஒட்டிக்கிடந்த ஜிகர்தண்டாக் கறையை ஈரத் துணியால், அறுபத்திரண்டு வயது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை துடைத்தார். டேப் ரிக்கார்டரைக் கீழேயிருந்து கொண்டுவந்து மேடையில் வைத்து, வயரைச் சொருகினார். பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். படியிறங்கும்போது சாப்பாட்டுக் கூடத்துப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

நாலு மணி நெருங்கும்போது தெருமுனையில் முதல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அய்யாதுரை வாசல் கதவையும் மாடிக் கதவையும் விரியத் திறந்தபடியே விட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, யாரும் எதிரே வராத சுற்றுப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்.