ஸபோம் வரைக்கும்

1
இந்தக் கதை எனக்கு ராத்காவின் சமையலறையில் கிடைத்தது. செக் நாட்டு ப்ர்னோ நகரில் அவள் எனக்கு மேல்மாடிக்காரி. ‘மரணப் படுக்கையில் ஸ்தோயான் தன் மகளை’ என்று தொடங்கினேன். [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுகிறேன்.]

2
ஸ்தோயான் ஸ்லோவேனியாக்காரர். செக் பெண்ணைக் கட்டி, மகள் ராத்காவிடம் செக் மொழியே பேசி வாழ்ந்தவர். ஊரில் தங்கை வீதாவோடு வீட்டுச் சண்டை, பேச்சு நின்றுபோயிருந்தது. கடைசியில் மகளின் கையைப் பிடித்து, “வீதா... ஸபோம்” என்றார். மூச்சு அதோடு நின்றது.

செக்கில் ‘ஸபோமெஞ்’ என்றால் மறந்துவிடு. ராத்கா அத்தையை மறந்தாள். சாவுக்குச் சொல்லியனுப்பவில்லை, அத்தையின் போனையும் எடுக்கவில்லை.

3
போன இலையுதிர்காலத்தில் வீதாவே ரயிலேறி வந்துவிட்டாள். தனியாக எதிர்கொள்ளப் பயந்து ராத்கா என்னையும் கூப்பிட்டாள். திட்டு விழும் என்றிருந்தோம். வந்தவள் அரைகுறைச் செக்கில் பேசிக்கொண்டே மாவு பிசைந்தாள்.

“வால்நட் ரொட்டிக்கு மாவு கை தெரியிற அளவுக்கு மெலிசா இருக்கணும். ஸபோம்னி.”

“ஏன் அத்தை, சொல்லிக்குடுத்துட்டு மறந்துடுங்கறீங்க?”

“யாருடி மறக்கச் சொன்னா? ஞாபகம் வச்சுக்கோன்னேன். எங்க ஸ்லோவேனியால அதுக்கு அதான் அர்த்தம்.”

ராத்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கடைசிச் சொல்லை அப்போதுதான் அத்தையிடம் சொன்னாள்.

4
(கதை இங்கே நிற்கட்டும், எனக்கு மலைப்பு அடங்கவில்லை. ‘போம்ன்’ நினைவு. அதன் முன்னே ‘ஸ’. ஒரே வேர், ஒரே முன்னொட்டு. ஒரு நாட்டில் அது நினைவை ஆணியடித்து நிறுத்துகிறது. இன்னொன்றில் மலைக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. என்றோ ஒரே வாயில் பிறந்த சொல். பிரிந்த இடத்தில் யார் நின்றார்களோ, எதை மறக்கப் பார்த்தார்களோ.)

5
வீதா மாவுக் கையோடு கேட்டாள்: “ ‘ம்’முக்கு அப்புறம் உதடு திறந்துச்சா? ‘மெ’ன்னா உங்க மறதி, ‘ம்னி’ன்னா எங்க ஞாபகம்.”

ராத்கா கண்ணை மூடி யோசித்தாள். “மூடினது மூடினதுதான், அத்தை.”

“சரி. மறந்துடுன்னே சொல்லியிருந்தாலும் நான் வந்திருப்பேன்.”

6
இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அண்ணன் தங்கையை மன்னித்தார், இன்னொன்றில் [கிழித்துவிட்டேன்].

நடந்தது இது. வசந்தத்தில் இருவரும் ஸ்தோயானின் சாம்பலை அவர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லை வெட்டச் சொன்னாள் ராத்கா, ‘ஸபோம்’ வரைக்கும்.

“பாதி வார்த்தைய வெட்டினா ஊரு என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். மீதிய சொல்லும்மா” என்றார் கல்வெட்டுபவர்.

“அவர் சொன்னது அவ்வளவுதான், ஐயா.”

அவர் முனகிக்கொண்டே வெட்டினார். ஆனாலும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார். அதில் நான் எதுவும் எழுதப்போவதில்லை.