வாலில் எழுதிய பெயர்

நல்ல விமானத்தைக் கெடுப்பதில் என் தம்பி வென்டெலை மிஞ்ச ஆள் கிடையாது. அக்கா என்பதற்காக நான் பொய் சொல்ல முடியுமா? பழைய போர் விமானம் ஒன்றை வாங்கினான். இறக்கை நுனிகளை வெட்டினான். தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டைத் தாழ்த்தினான். இடுக்குகளை எல்லாம் பட்டி வைத்து அடைத்து வழவழவென்று தேய்த்தான். எல்லாம் இந்த நெவாடா பாலைவனத்தில் கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் பந்தயத்தில் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்பதற்காக. நானும் திட்டிக்கொண்டே கூடத் தேய்த்தேன்.

பந்தயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பறந்து செத்தவனின் பெயரை அவனுடைய நண்பன் தன் விமானத்தின் வாலில் எழுதிக்கொள்வான், அவனும் கூட ஒரு சுற்று வரட்டுமே என்று. போன வருடப் பந்தயத்தில் வென்டெலின் நண்பன் கர்டிஸ் போய்விட்டான். எங்கள் மெக்கானிக் ஓரினின் ஒரே மகன் அவன்.

இறுதிப் பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் விமானத்தில் மகன் பெயரை எழுத ஓரின் தானே பிரஷ்ஷை எடுத்தார். எழுத்து கோணலாக வந்துவிட்டது என்று பட்டி பூசித் தேய்த்து, மறுபடி எழுதி, மேலே வார்னிஷ் அடித்தார். மகனைப் புதைத்தபோதுகூட அழாத மனிதர், அன்று அழுதுகொண்டே எழுதினார். எந்த இடத்தில் எழுதுகிறார் என்று யார் கவனித்தார்கள்?

காலையில் காப்பி கொண்டுபோன போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எழுதியிருந்தது வாலில் மேலும் கீழும் அசையும் பலகையில். கதவு மாதிரி கீலில் ஆடுவது அது. கீலுக்குப் பின்னால் எடை கூடிவிட்டால், வேகம் பிடித்ததும் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். துடிக்க ஆரம்பித்தால் வாலையே பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அதில் பெயின்ட் பட்டால் கழற்றி எடையைச் சரிபார்ப்போம். அன்று அதற்கு நேரமில்லை.

சொன்னதும் ஓரினின் முகம் செத்துப்போயிற்று. நேராகப் போய்ப் பட்டி சுரண்டும் தகட்டை எடுத்து வந்தார். வென்டெல் குறுக்கே வந்து நின்றான்.

"தள்ளுடா, சுரண்டட்டும்," என்றேன்.

"புள்ள பேர அவர் கையாலயே சுரண்டச் சொல்றியே, உனக்கு மனசே இல்லையா மார்லி?"

"பேர நாளைக்குத் திரும்ப எழுதிக்கலாம். உன்ன எங்க போய்த் தேடுவேன்?"

"துளி பெயின்ட்டுக்கு இவ்ளோ கூத்தா? நீ சுடுற ரொட்டி ஒண்ணு அதவிட கனம்."

ஓரின் மெதுவாகச் சொன்னார். "விடு வென்டெல். கர்டிஸ் கோவிச்சுக்க மாட்டான்."

வென்டெல் அவரைக் கட்டிக்கொண்டான். அப்படியே கையிலிருந்த தகட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். உதறிவிட்டு ஏறினான்.

முதல் சுற்றுகளில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முன்னால் போனவனைத் தாண்ட வேகம் ஏற்றினான். வால் நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு துண்டு கழன்று பறந்தது. விமானம் செங்குத்தாக ஏறிப் புரண்டு, புதர்க்காட்டுக்குப் பின்னால் விழுந்தது. ஓரின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாவி, நல்ல மனசாலேயே செத்தான்.

அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மறு வருடம் ஓரின் பந்தயத்துக்குத் தனியாகப் போக முடியாது என்றார், அதனால் போனேன். வென்டெலின் சிநேகிதன் டீக் ஓடி வந்து தன் விமானத்தைக் காட்டினான். அசையும் பலகையில் வெள்ளை எழுத்தில் என் தம்பி பெயர். வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை.

எடை பார்த்தாயா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"கொஞ்சூண்டு பெயின்ட்தானே மார்லி. பந்தயம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

நான் ஓரின் பக்கம் கையை நீட்டினேன். அவர் சுரண்டும் தகட்டை எடுத்துக் கொடுத்தார். வெறும் உலோகம் தெரியும்வரை, ஒவ்வொரு எழுத்தாக, என் தம்பி பெயரை நானே சுரண்டினேன். இந்த முறை குறுக்கே வர யாரும் இல்லை.